தலையாட்டிமங்கலம் கல்லூரியில் தலை எண்ணிய கதை

தலையாட்டிமங்கலத்தை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. முன்பு ஒரு காலத்தில் வரைபடம் போட வந்த ஆள், "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வெறும் வாயால் சொல்லி அனுப்புவது மரியாதை இல்லை என்று ஊரார் நாலு பேர் அவர் கையைப் பிடித்து வடக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் நடந்தும் வடக்கு முடியவில்லை. நாலு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை.

அந்த ஊரிலும் அரசினர் கலைக் கல்லூரி ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு பேராசிரியர்கள், ஒரு முதல்வர், ஒரு வாட்ச்மேன், அலுவலகத்துக்கு ஒரு சூப்பிரண்டு. சூப்பிரண்டின் பெயர் வைரக்கண்ணு.

வைரக்கண்ணுவின் வீடு கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு தார் ரோடு மட்டும். மதியம் ஒரு மணிக்கு அவர் மனைவி செண்பகவல்லி சோற்றை வடித்துவிட்டு, வாசலுக்கு வந்து கரண்டியால் தாம்பாளத்தைத் தட்டுவாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வைரக்கண்ணு இலைமுன் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் ஆறின சோறு தின்றதில்லை. இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. இரண்டும் வெளியூர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'ரசம்' என்று எழுதியிருந்தார்.

இப்படியிருக்கையில் தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கல்லூரிகளுக்கு மானியம் தலைக்கு இவ்வளவு என்றுதான் தரப்படும். அதற்குத் தலை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு நாலு விதிகள்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு வளாகத்துக்குள் இருப்பவர்களையே எண்ண வேண்டும். பகல் வகுப்பில் படிக்கிறவர் ஒருவர் என்றால் ஒருவர்தான். மாலை வகுப்பில் படிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர். ஒரு தடவை எண்ணியவரை மறு தடவை எண்ணக் கூடாது. மொத்தம் இருநூறுக்குக் குறைந்தால் அந்தக் கல்லூரி மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரியோடு இணைக்கப்படும். ஆசிரியர்களும் அலுவலர்களும் அங்கே போய்விட வேண்டும்.

நாலாவது விதியை வைரக்கண்ணு இரண்டு முறை படித்தார். மாவட்டத் தலைநகரம் பஸ்ஸில் முக்கால் மணி. செண்பகவல்லி எவ்வளவு பலமாகத் தட்டினாலும் தாம்பாளச் சத்தம் அவ்வளவு தூரம் வராது.

முதல்வர் அறவாழி ஆசிரியர் கூட்டம் கூட்டினார். பகல் வகுப்பில் நூற்று எழுபது பேர். மாலை வகுப்பில் அறுபத்தோரு பேர்.

"ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தர்னு போட்டிருக்கு. அந்த ஒருத்தர் யாரு?" என்று கேட்டார் முதல்வர்.

"அந்த ரெண்டு பேரும்தான்" என்றார் கணிதப் பேராசிரியர் சீதாபதி.

"அப்ப ரெண்டாச்சே."

 வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், இதற்கு முன் உலகத்தில் இப்படி நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

"நாமதான் சேர்க்கணும் சார்" என்றார் வைரக்கண்ணு. "சேர்ந்தால்னு தெளிவா போட்டிருக்காங்க. சேராம இருந்தா ஒருத்தரும் இல்லை. சேர்த்துட்டா முப்பது பேர். நூத்தி எழுபதும் முப்பதும் இருநூறு."

"சூப்பிரண்டுக்கு மூளை இருக்கு" என்றார் முதல்வர். கூட்டம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது.

மறுநாள் மாலை முதல் சேர்க்கும் வேலை நடந்தது. இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி. இரண்டு பேருக்கு ஒரு பேனா. அடையாள அட்டையில் ஒருவர் முகத்தின் வலப்பாதியும் இன்னொருவர் முகத்தின் இடப்பாதியும் ஒட்டப்பட்டன. மரக்கடை சலீமுக்கும் போஸ்ட்மேன் ஞானப்பிரகாசத்துக்கும் வந்த அட்டையில் மீசை ஒரு பக்கம் மட்டும் இருந்தது. பரீட்சையில் ஒருவர் ஒற்றைப்படைக் கேள்விகளையும் மற்றவர் இரட்டைப்படைக் கேள்விகளையும் எழுதவேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒருநாள் சலீம் வரவில்லை. ஞானப்பிரகாசம் வந்திருந்தார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் 'இடது பக்கம் சுகமில்லை' என்று எழுதினார்.

அறுபத்தோராவது ஆளுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அவள் பெயர் புனிதவதி. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்க வருகிறவள். நாற்காலியில் ஒரு ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

"சார், நான் முழுசாத்தான் வர்றேன். பீஸும் முழுசாத்தான் கட்டினேன்" என்றாள் அவள்.

"அது உன் நல்ல மனசும்மா" என்றார் வைரக்கண்ணு. "ஆனா கணக்குல நீ அரைதான். மனசுல வச்சுக்காதே."

"நான் எங்க சார் வச்சுக்கப் போறேன், அரை மனசுலயா?"

வைரக்கண்ணு அதை நெடுநேரம் யோசித்துப் பார்த்து, சரியாகத்தான் சொல்கிறாள் என்று முடிவுக்கு வந்தார்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் இன்னொரு சிக்கல் முளைத்தது. எண்ணுவது காலை பதினோரு மணிக்கு. மாலை வகுப்புக்காரர்கள் மாலையில்தான் வருவார்கள்.

"அவங்களையும் காலையில வரச் சொல்லிட்டா?" என்றார் வாட்ச்மேன் மருதப்பன், தேநீர் கொண்டுவந்த இடத்தில்.

சீதாபதி சிரித்தார். "காலையில வந்தா அவங்க காலை மாணவர் ஆயிடுவாங்களேப்பா. அப்புறம் ஒவ்வொருத்தரும் முழு ஆள். இருநூத்தி முப்பத்தொண்ணு ஆயிடும். அது பொய்க் கணக்கு."

"பொய்க் கணக்கு காட்டி நம்ம கல்லூரி பிழைக்க வேண்டாம்" என்றார் முதல்வர். எல்லாரும் கண் கலங்கினார்கள். தலையாட்டிமங்கலத்தார் எவ்வளவு கெட்டுப்போனாலும் நேர்மையில் மட்டும் குறை வைத்ததில்லை.

கடைசியில், ஆட்களை மாற்றுவதைவிடப் பொழுதை மாற்றுவது சுலபம் என்று முடிவாயிற்று. முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, மேற்குப் பக்கத்துப் பெரிய கூடத்தில் ஜன்னல்களை எல்லாம் சாத்தி விளக்குப் போட்டார்கள். மாலை மணி அடித்தார்கள். கேன்டீனில் காலை இட்லியை நிறுத்திவிட்டு வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். கொசு இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கொசுவத்தியும் கொளுத்தினார்கள். வெளியே சுரீரென்று வெயில். வராந்தாவைத் தாண்டிக் கூடத்துக்குள் போகிற பேராசிரியர்கள் காலை வணக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே மாலை வணக்கம் சொன்னார்கள்.

இவ்வளவும் சரியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் வைரக்கண்ணுவுக்கு மூன்றாவது விதி ஞாபகத்துக்கு வந்தது.

"சார், பிள்ளைங்க ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க" என்றார் முதல்வரிடம். "அதிகாரி எண்ணிக்கிட்டிருக்கும்போது எண்ணினவன் ஒருத்தன் தண்ணி குடிக்கப் போயிட்டு இந்தப் பக்கமா வந்தான்னு வச்சுக்குங்க. மறுபடியும் எண்ணிடுவாரு. அப்புறம் நம்மளை மோசடிக்காரன்னு சொல்லுவாரு."

"என்ன செய்யலாம்?"

"நாமே முன்கூட்டி எண்ணிடுவோம். எண்ணினவனை எண்ணாதவனோட கலக்க விடாம வெளியே அனுப்பிடுவோம்."

அப்படியே செய்தார்கள். வைரக்கண்ணு வாசற்படியில் நின்று விரல் மடக்கி எண்ண, எண்ணப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே போனார்கள். எண்ணப்பட்ட யாரையும் மறுபடி உள்ளே விடக் கூடாது என்று மருதப்பனுக்குக் கண்டிப்பான உத்தரவு. பகல் மாணவர் நூற்று எழுபது. கைகோத்து வந்த மாலை ஜோடிகள் முப்பது. கணக்கு அச்சாக இருநூறில் நின்றது.

கடைசியாகப் புனிதவதி வந்து நின்றாள். வைரக்கண்ணு விரலைப் பார்த்தார். ஒரு ஆளுக்கு ஒரு விரல். அரை ஆளுக்குச் சுண்டுவிரலை நடுக்கணுவரை மட்டும் மடக்கிப் பார்த்தார். பக்கத்து விரலும் சேர்ந்து மடங்கியது. மூன்று முறை முயன்றும் அப்படியே.

"நீ எண்ணிக்கைக்கு அடங்க மாட்டேங்கிறேம்மா. உள்ளேயே இரு" என்று சொல்லிவிட்டார்.

மணி பதினொன்று அடிக்க ஜீப் வந்தது. ஆய்வு அதிகாரி இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் நாலு பக்கப் படிவம். கேட்டுக்கு வெளியே இருநூற்று முப்பது பேர் மதில்மேல் உட்கார்ந்தும் மரத்தடியில் படுத்தும் இருந்தார்கள். பாதிப்பேர் கையில் பஜ்ஜி. அவர்களைத் தாண்டி உள்ளே வந்தார்.

"மாணவர்கள் எங்கே?"

"எண்ணியாச்சுங்க அய்யா. இருநூறு. ஒண்ணு குறையாது, கூடாது" என்றார் வைரக்கண்ணு.

"அது சரி, எங்கே?"

"வெளியில."

"பதினோரு மணிக்கு உள்ளே இருக்கிறவங்களைத்தான் நான் எண்ண முடியும்."

"உள்ளே கூப்பிட்டுடட்டுங்களா?"

அதிகாரி படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தார். முன்பக்கத்தையும் படித்தார். "கூப்பிட்டா நான் எண்ணணும். ஆனா நீங்கதான் ஏற்கெனவே எண்ணிட்டீங்களே. ஒரு ஆளை ரெண்டு தடவை எண்ணினா என் வேலை போயிடும்."

வைரக்கண்ணுவுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. அவரே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் எங்கேயோ ஏதோ ஆறிக்கொண்டிருப்பது போல அவருக்குத் தோன்றியது.

அதிகாரி கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன் இங்கே இருட்டா இருக்கு?"

"இங்கே சாயங்காலமுங்க" என்றார் முதல்வர்.

"அப்படியா" என்று அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். உள்ளே நாற்காலி ஓரத்தில் புனிதவதி உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். "மாலை வகுப்பா? ஒரே ஆளா? அப்ப அரை." எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். படிவத்தில் முழு எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்து, "அரையும் அரைக்கு மேலும் இருந்தா அடுத்த முழு எண்" என்று வாசித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார். ஒரு பஜ்ஜி சாப்பிட்டார். மாலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஒரு மணிக்குத் தாம்பாளம் தட்டப்பட்டபோது வைரக்கண்ணு போய் இலைமுன் உட்கார்ந்தார்.

"எத்தனை பேர்னு எழுதினாரு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ஒண்ணு."

"இருநூறு வேணும்னீங்க."

"நாங்க இருநூறு எண்ணினோம். அவரு ஒண்ணு எண்ணினாரு. ரெண்டு கணக்குலயும் தப்பு இல்லை."

"அது சரி. தப்பு இல்லாமலே கல்லூரியைக் காலி பண்ணிட்டீங்க" என்று சொல்லி அவள் ரசம் ஊற்றினாள்.

ஆனால் தலைநகரத்தில் இருக்கிறவர்கள் தலையாட்டிமங்கலத்தாருக்கு இளைத்தவர்களா? அங்கே இரண்டு பிரிவுகள். கல்லூரிகளை மூடுகிற பிரிவு மாடியில். கல்லூரிகளுக்கு விருது தருகிற பிரிவு கீழே. படிவத்தைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு முழங்கால் வலி. கீழேயே வைத்துவிட்டார். விருதுப் பிரிவில் பார்த்தார்கள். ஒரு மாணவிக்கு முப்பத்திரண்டு பேராசிரியர்கள். நாட்டில் வேறெங்கும் ஒரு மாணவருக்கு இவ்வளவு தனிக்கவனம் கிடையாது. 'முன்மாதிரிக் கல்லூரி' என்று ஒரு கேடயம் வந்தது. கூடவே ஒரு கடிதம்: 'மேற்படி மாணவி பயிலும் வரை இக்கல்லூரியை எதனுடனும் இணைக்கலாகாது. மேற்படி தனிக்கவனமும் குறைக்கப்படலாகாது.'

வைரக்கண்ணு அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே இருந்த மற்றவர்கள், இனி உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். அவர்கள் உள்ளே வந்தால் தனிக்கவனம் குறைந்துபோகும். அதனால் பேராசிரியர்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, அந்தப் பக்கத்து ரோட்டில் இருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். லாரி போகும்போது மட்டும் பாடம் விட்டுப்போகும். இயற்பியல் பாடத்தில் பல விதிகள் லாரிக்கு அடியில் போயின.

உள்ளே புனிதவதிக்கு முப்பத்திரண்டு பேர் பாடம் எடுத்தார்கள். தினமும் ஐந்து மணிக்கு அவள் வந்ததும் முதல்வர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைப்பார். ஒருநாள் அவள் தும்மினாள். ஏழு பேராசிரியர்கள் கஷாயத்துக்கு ஓடினார்கள். எப்படியோ, இவ்வளவு பேர் சொல்லிக்கொடுத்தும் அவள் படித்துவிட்டாள். ஏப்ரலில் பரீட்சை எழுதினாள். ஜூனில் பாஸ் என்று வந்தது. அதோடு பட்டச் சான்றிதழும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது.

வைரக்கண்ணு உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்ந்துவிட்டார். மேற்படி மாணவி பயிலும் வரைதான் கல்லூரி. இதை அவள் கையில் கொடுத்த மறுகணம் அவர் மாவட்டத் தலைநகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். மறுபடி கூட்டம்.

"கொடுக்காம ஒளிச்சு வச்சிடலாமா?" என்றார் ஒருவர்.

"அது நேர்மை இல்லை" என்றார் முதல்வர்.

"சார், அந்தப் பொண்ணு கணக்குல எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார் வைரக்கண்ணு.

"அரை."

"அரை ஆள் பாஸ் பண்ணினா எவ்வளவு பட்டம்?"

சீதாபதி ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். தாளைத் திருப்பியும் போட்டுப் பார்த்தார். "அரைப் பட்டம்தான் வருது. எப்படிப் போட்டாலும் அதான் வருது."

"அப்ப மீதிப் பாதி?"

"அதுக்கு அவ இன்னும் படிக்கணும்."

ஸ்கேல் வைத்து அளந்து, நடுவில் பென்சில் கோடு போட்டு, முதல்வரே கத்தரிக்கோலால் வெட்டினார். மேல் பாதியில் முத்திரையும் தலைப்பும். கீழ்ப் பாதியில் அவள் பெயரும் கையெழுத்துகளும். மேல் பாதியை அவளிடம் கொடுத்துக் கைதட்டினார்கள்.

புனிதவதி அதை முன்னும் பின்னும் பார்த்தாள். "இதுல என் பேரே இல்லையே சார்."

"அது இங்கே பத்திரமா இருக்கும்மா. மீதியைப் படிச்சிட்டு வாங்கிக்க" என்றார் வைரக்கண்ணு.

"இனிமே சாயங்காலம் வர முடியாது சார். பால் சொசைட்டியில கணக்கு எழுதற வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வேளையும் பால் அளக்கணும். விடிகாலையில போனா இருட்டினப்புறம்தான் வீடு."

இப்படி ஒரு இடி விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பயில வேண்டிய பாதி பால் சொசைட்டியில் இருக்கிறது. பயிற்றுவிக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். கடைசியில் வைரக்கண்ணுதான் சொன்னார்: "அவளால வர முடியலைன்னா நாம போவோம்."

அடுத்த திங்கட்கிழமை முப்பத்திரண்டு பேராசிரியர்களும் கரும்பலகை, மணி, கேடயம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மூன்று மைல் தள்ளியிருந்த பால் சொசைட்டிக்குக் குடிபோனார்கள். அந்த சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலக்காமல் இருப்பதற்காக, பாலைக் கொண்டுவரக் கூடாது, மாட்டையே ஓட்டிவந்து எதிரில் கறக்க வேண்டும் என்று சட்டம். காலையில் வந்த மாடுகளை யாரும் திருப்பி ஓட்டிக்கொண்டு போவதில்லை. சாயங்காலக் கறவைவரை முற்றத்திலேயே படுத்து அசை போடும். அவற்றுக்கு நடுவில் கரும்பலகையை நிறுத்தினார்கள்.

"முக்கால் மணி பஸ்ஸுக்குப் பயந்துக்கிட்டு மூணு மைல் நடந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போறீங்களே" என்றாள் செண்பகவல்லி, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டபடி.

"போடி, கல்லூரி பிழைச்சுதா இல்லையா?" என்றார் வைரக்கண்ணு.

அன்று மதியம் சோறு ஆறித்தான் இருந்தது. வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்டு முப்பத்தொன்று வந்தது. பதினோரு மணிக்கு அதே ஜீப், அதே அதிகாரி. பெயர்ப்பலகையைப் படித்தார்.

"இதுதான் வளாகமா?"

"இதேதானுங்க."

அதிகாரி புனிதவதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "உன்னைப் போன வருஷமே எண்ணியாச்சும்மா. தள்ளி நில்லு." முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "மற்றவங்க எப்போ வர்றாங்க?"

"விடிகாலையில வரும். சாயங்காலமும் இருக்கும்" என்றாள் புனிதவதி, பால் குறிக்கும் நோட்டைப் புரட்டிக்கொண்டே. "ரெண்டு வேளையும் ஒழுங்குதான்."

"காலையும் உண்டு, மாலையும் உண்டு. அப்ப முழுநேரம்" என்று அதிகாரி எண்ணத் தொடங்கினார். வைரக்கண்ணு இந்த முறை ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. எண்ணப்பட்டவர்களும் எழுந்து இடம் மாறவில்லை. போன வருஷத்தைவிட ஒழுக்கம் நன்றாக இருக்கிறது என்று அதிகாரி ஓரத்தில் குறித்துக்கொண்டார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது.

வைரக்கண்ணு விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தார். ஒன்று குறைகிறது. மாணவியே கணக்கில் இல்லை என்றால் கடிதமும் செல்லாது. அப்போது புனிதவதி அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், என் மீதிப் பாதியைக் குடுத்தீங்கன்னா இன்னொண்ணுக்கு வழி சொல்றேன்."

அவர் மறுபேச்சில்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்புறம் கையைக் காட்டினாள். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு சிவப்பு மாடும் ஒரு கறுப்பு மாடும் நின்றன. "அது ரெண்டும் சாயங்காலம் ஒரு வேளைதான் கறக்கும்."

"அப்ப மாலை வகுப்பு" என்றார் அதிகாரி. "ரெண்டும் சேர்ந்தால் ஒண்ணு."

முதல்வர் ஓடிப்போய் வெயில் தெரியாமல் அவற்றின்மேல் குடையைப் பிடித்தார். சீதாபதி மாலை வணக்கம் சொன்னார். வைரக்கண்ணு இரண்டின் கழுத்தையும் ஒரே கயிற்றில் பிணைத்து இழுத்துவந்து அதிகாரிமுன் நிறுத்தினார். அதிகாரி இருநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடையாள அட்டை எங்கே என்று கேட்டார். போட்டோ எடுக்க ஆள் போயிருக்கிறது, ஒன்றுக்குக் கொம்பு இடப்பக்கம் வருகிற மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறோம் என்றார் வைரக்கண்ணு.